"இதுவும் நாளைக்கு மாறுமா டீச்சர்?"

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் அப்பா இரண்டு மாதமாக பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வீடியோதான் காரணம். "நீங்க சொன்னா கேப்பார் டீச்சர்" என்றான். பேசினேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "டீச்சரம்மா, இந்த விஞ்ஞானிங்க இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு வேற சொல்றாங்க. முட்டை கெடுதல்னாங்க, அப்புறம் சாப்பிடலாம்னாங்க. இவங்களை நம்பி நான் ஏன் ஆயுசு பூரா மாத்திரை முழுங்கணும்?"

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மனது ஆறவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை 2005-இல் என் வகுப்பில் ஒரு பையனும் கேட்டான். அவனுக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் கதையைச் சொல்கிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். செரிமான மண்டலம் நடத்தும்போது, "காரம் அதிகம் சாப்பிட்டால், கவலைப்பட்டால் அல்சர் வரும்" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். எத்தனை வருடம் எழுதினேனோ தெரியாது. எங்கள் பெரியப்பா அல்சரால் பாதி வாழ்க்கையைப் பாலும் மோர் சாதமுமாகவே கழித்தார். ஒவ்வொரு முறை வலி வந்தபோதும், "கண்டதை யோசிக்காதீங்க" என்று அவரையே குறை சொன்னோம்.

2005 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவருக்கும் கிடைத்தது. இரைப்பை, முன்சிறுகுடல் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டியதற்காக. பேப்பரில் படித்துவிட்டு வகுப்புக்குப் போய், "நான் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது தப்பு" என்றேன். உடனே ஒருவன் எழுந்து, "அப்போ இதுவும் நாளைக்கு மாறுமா டீச்சர்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் "உட்காருடா" என்றேன். நல்ல கேள்வியைக் கேட்ட பிள்ளையை உட்கார வைத்த பாவம் எனக்கு. இப்போது பதில் சொல்கிறேன்.

வாரன் திசுக்களைச் சோதிக்கும் மருத்துவர். 1979-இல் நோயாளி ஒருவரின் இரைப்பைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். அன்றைய மருத்துவம் என்ன சொன்னது? இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் கிருமி குடியிருக்க முடியாது என்றது. அதுவும் நியாயமான கருத்துதான். 1981-இல் இளம் டாக்டர் மார்ஷல் அவரோடு சேர்ந்தார். நோயாளிகளின் திசுவிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள், வளரவில்லை. வழக்கப்படி இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் சில தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி, அவ்வளவுதான் விஷயம்.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்கிக்கொள்கிறது. அம்மோனியா ஒரு காரம். ஆக, இதில் ஒரு காரம் சம்பந்தப்பட்டிருக்கிறது, ஆனால் நாம் பழித்த மிளகாய்க் காரம் அல்ல!

1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். அதற்கு முன்பே தன் இரைப்பை நன்றாக இருக்கிறதா என்று எண்டோஸ்கோபி செய்துகொண்டார். சில நாளில் குமட்டல், வாந்தி. மறுபடி பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது, கிருமியும் இருந்தது. எல்லோரும் சொல்லும் வீரக்கதை இதுதான். ஆனால் பிள்ளைகளே, கவனியுங்கள். அவருக்கு வந்தது அழற்சி, புண் அல்ல. அதுவும் ஒரே ஒரு ஆள். இதை மட்டும் வைத்து யாரும் அவரை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நம்ப வைத்தது, அவ்வளவு விறுவிறுப்பில்லாத வேலை. 1988-இல் வெளியான ஆய்வில் முன்சிறுகுடல் புண் உள்ள 100 பேரை எடுத்தார்கள். புண்ணுக்கான மருந்தோடு சிலருக்கு ஆன்டிபயாடிக், மற்றவர்களுக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. ஆறிய பிறகு ஒரு வருடம் கவனித்தார்கள். கிருமி ஒழிந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குப் புண் திரும்ப வந்தது. கிருமி ஒழியாதவர்களில் 84 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. வேறு இடங்களில் மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். 1994-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள அல்சர் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டும் என்று சொன்னது. முதலில் பார்த்ததிலிருந்து 15 வருடம்!

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். மாறுமா? மாறும், ஏற்கனவே கொஞ்சம் மாறியும் இருக்கிறது. கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சில வலி மாத்திரைகளாலும் அல்சர் வருகிறது. ஆனால் பழையது எல்லாமே குப்பைக்குப் போகவும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை இன்றும் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். அமிலம் பற்றித் தெரிந்தது பொய்யாகவில்லை, அதன் இடம் எது என்று தெரிந்தது.

கணக்குப் பரீட்சையில் நான் என்ன சொல்வேன்? தப்பை அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது என்பேன். அறிவியலின் நோட்டும் அப்படித்தான். அடித்தல் தெரிவதால்தான் அது மாறிக்கொண்டே இருப்பதாக நமக்குப் படுகிறது. அந்த வீடியோக்காரர் நோட்டில் அடித்தலே இருக்காது. ஏனென்றால் அவர் யாரையும் திருத்த விடுவதில்லை.

"மார்ஷலையும்தான் முதலில் யாரும் ஏற்கவில்லை, அதுபோலத்தான் இவரும்" என்று சிலர் வருவார்கள். உண்மை, 1983-இல் ஒரு மாநாட்டுக்கு அவர் அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தை நிராகரித்தார்கள். ஆனால் நிராகரிக்கப்பட்டதால் அவர் சொன்னது உண்மையாகிவிடவில்லை. தான் செய்ததை எழுதி வைத்தார், மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், அதே விடை வந்தது. வீடியோ அனுப்புபவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா? குணமாகாதவர்கள் எத்தனை பேர்?

டாக்டர்களும் தப்பு செய்வார்கள், கம்பெனிகளுக்கு லாப நோக்கமும் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் அல்சர் விஷயத்தில் அந்தத் தப்பைக் கண்டுபிடித்ததும் இன்னொரு ஃபார்வர்டு அல்ல, பரிசோதனைதான்.

நேற்று அந்த அப்பாவுக்கு மறுபடி போன் செய்தேன். "என்னையும் நம்ப வேண்டாம், டாக்டரையும் நம்ப வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரஷரை அளந்து மட்டும் பாருங்க" என்றேன். போனார். அளவு மிக அதிகமாம். டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையைத் தொடங்கச் சொன்னாராம். "முழுசா நம்பிக்கை வரல டீச்சரம்மா, ஆனா போட்டுக்கறேன்" என்றார். எனக்கு அது போதும்.

2005-இல் கடைசி பெஞ்சில் எழுந்து நின்று கேட்டவனே, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. உன் கேள்வி சரியான கேள்வி.

என் பெரியப்பா இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். உங்கள் வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே பேசுங்கள். சண்டை போடாமல் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்