துறைபோகக் கற்க!

தென்பெண்ணையாற்றங் கரையில், கரும்பு வயல்களுக்கும் கூட்டுறவுச் சருக்கரை ஆலைக்கும் பெயர்பெற்றது கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டு. மூங்கிலும் துறையும் ஊர்ப்பெயரிலேயே நிற்கின்றன. அவற்றின் பொருளறிய எத்தமிழ்ப் பிள்ளையும் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆனால், இத்தகைய ஊர்களிலிருந்து செவிலியராகவும் பொறியாளராகவும் அயல்நாடு செல்ல விழையும் இளைஞர், ஆங்கில மொழித் தேர்வுக்கென ஈராயிரம், மூவாயிரம் அருஞ்சொற்களைப் பொருள் விளங்காமலே இரவு பகலாக நெட்டுருச் செய்கின்றனர். கரும்பு விற்ற பணம் கட்டணமாகப் போகிறது. கண்ணுறக்கமும் உடன் போகிறது. அவ்வுழைப்பு பயன் தருமா என்பதே வினா.

தேர்வு எதனை அளக்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1989இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எசு. தேர்வில், எழுத்துக்கும் பேச்சுக்கும் நந்நான்கு கூறுகள் வைத்து மதிப்பிடுகின்றனர். சொல்வளம் அந்நான்கனுள் ஒன்றே. அதிலும் சொல்லின் அருமை மட்டுமன்று, இடத்திற்கேற்ற பொருத்தமும் செப்பமும் இயல்பும் நோக்கப்படுகின்றன. இடமறியாது செருகிய அருஞ்சொல் மதிப்பெண்ணை உயர்த்தாது; குறைக்கவும் கூடும். மேற்பட்டப் படிப்பிற்குரிய சி.ஆர்.இ. தேர்விலும், தனிச்சொல் நெட்டுருவுக்கு இடந்தந்த எதிர்ச்சொல் வினாக்களும் சொல்லுறவு வினாக்களும் 2011இல் நீக்கப்பட்டுவிட்டன. தேர்வு நடத்துவோரே கைவிட்ட முறையைத் தமிழ்ப் பிள்ளைகள் கட்டியழுவது என்ன கரணியத்தால்?

‘உயர்ந்த ஆங்கிலம்’ என்று மருட்டும் அச்சொற்கள்தாம் யாவை? பெரும்பாலானவை ஆங்கிலரின் சொந்தச் சொற்கள் அல்ல. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. பின்னர்ப் புலவர்கள் இலத்தீனத்தினின்றும் கிரேக்கத்தினின்றும் அள்ளிக் குவித்தனர். அக்கலப்பை ஆங்கிலரே எதிர்த்ததும் உண்டு. தம் மொழி கடன்படாது தூய்மையாக எழுதப்பெறல் வேண்டுமென 1557இல் மடல் வரைந்தார் சான் சீக்கு என்னும் அறிஞர். 1878இல் வில்லியம் பார்ன்சு என்பார், இலக்கணத்தைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல்லை விலக்கி, ‘பேச்சுத்திறம்’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொற்களை இணைத்துத் தம் இலக்கண நூலுக்குப் பெயரிட்டார். அவர்தம் முயற்சி வெல்லவில்லை. அதனாலேயே ஆங்கிலக் குழந்தையும் தன் மொழியின் உயர்சொற்களை அயற்சொற்களைப் போலவே கற்க வேண்டியதாயிற்று. தமிழில் தனித்தமிழ் ஆக்கங்கள் ஏன் வேண்டும் என்பார்க்கு இஃதொன்றே போதிய விடை.

அச்சொற்களைக் கற்கும் நேர்வழி வேர்வழியே. ‘பெனவலண்ட்’ என்பதில் ‘பெனே’ நன்மை, ‘வொல்’ விருப்பம். நல்லெண்ணமுடைய என்பது பொருள். ‘மெலவலண்ட்’ தீயெண்ணமுடைய எனப்படும். ‘வாலண்டரி’ தன்விருப்பாகச் செய்வது. ஒரு வேரைப் பற்றியவன் முச்சொல்லைப் பெற்றான். பகுதி, விகுதி பிரித்துப் பழகிய தமிழ் மாணவனுக்கு இது புதிய கலையன்று. நல்லெண்ணம், தீயெண்ணம் என்னும் தமிழ்ச்சொற்களின் பொருள் வேறுபாட்டை முன்பே உணர்ந்தவன் உள்ளத்தில் ஆங்கிலச்சொல் தானே அமரும். கருத்தே இல்லாத இடத்தில் ஒலியை மட்டும் ஏற்றினால், அது தேர்வு முடிந்த மறுநாளே உதிர்ந்துவிடும்.

தமிழ்வழிக் கல்வியே ஆங்கிலத்திற்குத் தடை என்பார் இதனை எண்ணுக. 1916இல் தனித்தமிழ் இயக்கங்கண்ட மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் எழுதவல்ல புலமையர். தேவநேயப் பாவாணர் பன்மொழி வேர்களை ஆய்ந்தவர். அவர்கள் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. அதற்கு அடிமைப்படவும் இல்லை. தாய்மொழியில் ஊன்றி நின்றே பிறமொழியை எட்டிப் பறித்தனர்.

எனவே, சிற்றூர்தோறும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அ. சிதம்பரநாதனாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் ஊர் நூலகத்தில் இருத்தல் வேண்டும். தேர்வெழுதும் ஒவ்வோர் இளைஞனும் இளைஞையும் சுவடியொன்று வைத்து, ஆங்கிலச்சொல், அதன் வேர், அதற்கு நேரான தமிழ்ச்சொல், தாமே அமைத்த தொடர் என நான்கையும் எழுதி வருக. நாளொன்றுக்குப் பத்துச் சொல் போதும். நூறு நாளில் ஆயிரமாகும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருங்கிருந்து திருத்துக.

துறை என்பது ஆற்றில் இறங்குமிடம். கல்விப் பிரிவுக்கும் அதுவே பெயர். ஒன்றை முற்றக் கற்றலைத் துறைபோதல் என்றனர் முன்னோர். ஆற்றைக் கடக்க விரும்புவோன் முதலில் தன் கரைத் துறையில் கால் ஊன்றுக. தமிழ்த்துறையில் நின்று ஆங்கிலத்தையும் துறைபோகக் கற்க!