மாடி உயர்ந்தால் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் எல்லோரும் விமானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்போம். அடுத்த முறை தரையையும் பாருங்கள். 1010-ல் கட்டி முடித்த கோயில் அது. திருச்சுற்று மட்டும் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். அவ்வளவு இடத்தில் கொட்டுகிற மழை வீணாகாமல் பக்கத்தில் இருக்கும் சிவகங்கைக் குளத்துக்குப் போக வழி வைத்திருந்தார்கள். பின்னால் வந்த நாயக்கர்கள் சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக்கும், அங்கிருந்து அய்யன் குளத்துக்கும் தரைக்கடியில் 'ஜலசூத்திரம்' அமைத்தார்கள்.

எவ்வளவு தண்ணீர்? கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். திருச்சுற்றில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 14 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்! 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பிடித்தால் 120 லாரி.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். 2,400 சதுர அடி மொட்டை மாடி என்றால் 223 சதுர மீட்டர். மணிக்கு 6 சென்டிமீட்டர் வேகத்தில் மழை அடித்தால், நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். சிமென்ட் தளத்தில் 100 லிட்டர் விழுந்தால் 90 லிட்டர் வரை ஓடிவிடும் என்று பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் 13 குடத்துக்கு மேல், நிமிடம் தவறாமல்!

அடுக்குமாடி என்றால் சுவரையும் சேர்க்க வேண்டும். மழை நேராக விழுவதில்லையே, காற்றோடு சாய்ந்துதானே அடிக்கிறது! அதனால் காற்றை எதிர்கொள்ளும் சுவரின் பரப்பில் பாதியைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் பல நாட்டு விதிகளில் உண்டு. 12 மீட்டர் உயரம், 15 மீட்டர் அகலமுள்ள சுவர் 180 சதுர மீட்டர். பாதி 90. நிமிடத்துக்கு இன்னும் 90 லிட்டர், அதாவது ஆறு குடம், அந்தச் சுவரின் காலடியில் கொட்டும்.

கட்டடத்தால் மழை கூடிவிடாது. மறுபக்கம் விழ வேண்டியதைச் சுவர் மறித்து ஒரே பக்கமாக இறக்குகிறது, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் வடிகால் அகலமாக இருக்கட்டும். அந்தப் பக்கம் தாழ்வான ஓட்டு வீடு இருந்தால், முதலில் நனைவது அவர்கள் அடுப்படிதான்.

இந்த இடங்களில் பல, நேற்றுவரை வயல். வரப்பு கட்டிய வயலில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே, அதே 2,400 சதுர அடியில் 22,000 லிட்டருக்கு மேல் தங்கும். மனை போட்டு மண் கொட்டி உயர்த்தியதும் அந்தத் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடுகிறது. 'மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதே' என்பார்கள். 2003-லேயே தமிழ்நாடு அதைக் கட்டாயமாக்கியது, நல்ல விஷயம்தான். வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் குழி நன்றாக உறிஞ்சும். ஆற்றுப்படுகைக் களிமண்ணோ நாலு நாள் அடைமழையில் ஊறிவிட்டால் சிமென்ட் தரை மாதிரிதான். அங்கே குழியோடு, மிஞ்சுகிற தண்ணீர் குளத்துக்கோ வடிவாய்க்காலுக்கோ போக வழியும் வேண்டும்.

டெல்டா விவசாயிக்கு இது புதுப் பாடமில்லை. தண்ணீர் வரப் பாசன வாய்க்கால், போக வடிவாய்க்கால். இரண்டும் இருந்தால்தான் அது வயல். வடிவாய்க்காலைத் தூர்த்து அதன்மேல் மனை போட்டால், தண்ணீர் பழைய வழியைத் தேடி நம் வீட்டுக்குள்ளேதான் வரும்.

ஆகவே ஃப்ளாட் வாங்கப் போகும்போது லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் எத்தனை குழாயில் இறங்குகிறது? இறங்கி எங்கே போகிறது? போகும் வழியில் யார் வீடு இருக்கிறது? மூன்றாவதற்கு நல்ல பதில் கிடைத்தால் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.