அண்ணாந்து எடுத்த அளவு

பழைய ஆர்.வி., அதாவது தங்கிக்கொண்டே பயணிக்கும் வீட்டு வண்டி, வாங்கும்போது அடுப்பு எரிகிறதா, கட்டில் ஆடுகிறதா என்றெல்லாம் பார்த்தேன். வண்டிக்கடியில் தொங்கும் தொட்டிகளை மட்டும் குனிந்து பார்க்கவில்லை. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கிரே டேங்க். கழிப்பறைக்கு பிளாக் டேங்க், பெயரே போதும். எங்களுடையது 40 கேலன். நிறைந்தால் 150 கிலோ. அந்தக் கனத்தோடு டெக்சாஸ் மண்சாலைகளில் குலுங்கினால், வால்வு சேரும் மூலையில் கீறல் விழாமல் என்ன செய்யும்?

முதலில் வாடைதான் வந்தது. படுத்துப் பார்த்தால், அடிப்பாகத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் அட்டை பால் கட்டிய மடிபோல் தொங்குகிறது. திருகாணியைக் கழற்றியது ஒரு முறை. அதற்காகக் குளித்தது மூன்று முறை.

ஒட்டிப் பார்த்தேன். காய்ந்த பசை நகம் பட்டதும் உரிந்து வந்தது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் ஒட்டும். இது பாலிஎதிலீன், ஊர் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி ரகம், பசையைச் சீண்டாது. உருக்கித்தான் இணைக்க வேண்டும். புதிதே மேல் என்று முடிவு செய்தேன்.

பழையதை ஜாக்கி வைத்து இறக்கினால், காலித் தொட்டி காலியாக இல்லை. முன்பு வைத்திருந்தவர், நிறுத்திய இடத்தில் குழாயை மாட்டி வால்வைத் திறந்தே விட்டிருப்பார் போல. தண்ணீர் ஓடிவிடும், மற்றது குவிந்து இறுகிவிடும். மேற்கொண்டு எழுதினால் நீங்கள் காபி குடிக்க முடியாது.

இறக்குவதற்கு முன்பே, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து டேப் பிடித்துப் படம் வரைந்து, தொட்டி செய்பவர்களிடம் ஆர்டர் கொடுத்திருந்தேன். கழிப்பறைத் துளை, கூரைக்குப் போகும் காற்றுக்குழாய், 3 அங்குல வால்வு, எல்லாம் கால் அங்குலம் பிசகாமல். அப்படியே செய்து அனுப்பினார்கள். ஆனால் ஓட்டுநர் பக்கம் இருக்க வேண்டிய வால்வு எதிர்ப்பக்கம்! நான் அண்ணாந்து பார்த்து வரைந்ததை அவர்கள் மேலிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திருப்பி வைத்தால் வால்வு சரியாகிறது. கழிப்பறை கட்டிலுக்கடியில் போகிறது.

“ஏங்க, வீடு கட்டப் போகாம இருந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது” என்றாள் மனைவி.

இரண்டாவது படத்தில் ‘மேலிருந்து பார்த்தது’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. முதலாவது கொல்லையில் மழைத்தண்ணீர் பிடிக்கிறது, முருங்கைக்கு. ஒரு நாளும் புழங்காத தொட்டிதான். இருந்தாலும் விருந்தாளிகளிடம் அதன் கதையைச் சாம்பாருக்குப் பிறகுதான் சொல்வது.