அண்ணாச்சிக்கும் பதிவு எண் வேண்டும்

மும்பையில் நம் தமிழர்கள் வீடு வாங்கும் விதமே தனி. விளம்பரம் பார்த்துப் போகிறவர்கள் குறைவு. தாராவி, சயான், முலுண்ட், டோம்பிவிலி என்று எந்தப் பகுதியானாலும் அங்கே ஓர் அண்ணாச்சி இருப்பார். நெல்லைச் சீமைக்காரர். கோவில் கொடைக்கு வரி வசூலிக்க வீடு வீடாக வருகிறவர். "பில்டர் நமக்கு வேண்டியவர், நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பி ஆயுள் சேமிப்பையும் கொடுத்து விடுகிறோம்.

என்னோடு ரெயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், கல்யாணுக்கு அப்பால் கட்டப்போவதாகச் சொன்ன ஒரு கட்டிடத்தில் வீட்டுக்கு ரூ.3 லட்சம் முன்பணம் கொடுத்தார். ரசீது? நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். ஓர் ஆண்டு ஆகியும் அஸ்திவாரம் கூடத் தோண்டவில்லை. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் என்னிடம் வந்தார். மராட்டிய மாநில ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டிடத் திட்டமே பதிவாகவில்லை. தரகரின் பெயரும் இல்லை.

அந்தத் தரகரைப் போய்ப் பார்த்தோம். "பணத்தை நான் வைத்துக் கொள்ளவில்லையே, பில்டர் கையில்தானே கொடுத்தேன்" என்று கண் கலங்கினார். தன் கைப்பணத்தில் ரூ.40 ஆயிரம் கொடுத்தார். மீதி இன்னும் வரவில்லை. அவர் மோசடிக்காரர் அல்ல என்றே நான் நம்புகிறேன். ஆனால் நல்லவர் என்பதால் போன பணம் திரும்பி வந்துவிடுமா?

2016-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, தரகருக்கும் பொறுப்பு வைத்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய ஒரு திட்டத்தில் வீடோ மனையோ விற்றுக் கொடுக்கிறவர் 9-வது பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவாகாத திட்டத்தில் விற்க 10-வது பிரிவு தடை போடுகிறது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும்; இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி ஆசை காட்டக் கூடாது. மீறினால் நாள் ஒன்றுக்கு ரூ.10 ஆயிரம் அபராதம். அது வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். ரூ.50 லட்சம் வீட்டுக்கு ரூ.2½ லட்சம்! வாங்கிய கமிஷனும் போய், கைக்காசும் போகும்.

வாடகைக்கு ரூம் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விற்பனைத் தரகர்களைத்தான் சொல்கிறேன்.

"ரூ.10 ஆயிரம் கட்ட வேண்டும், பரீட்சை வேறு எழுத வேண்டும், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். மராட்டிய விதிகளில் தனி நபருக்குக் கட்டணம் ரூ.10 ஆயிரம், பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரே ஒரு வீட்டின் கமிஷனில் இதைக் கட்டி விடலாம். பரீட்சைதான் பயமுறுத்துகிறது. தரகர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்று 2023-ல் இங்கே ஆணை வந்தது. சான்றிதழ் பெறாத சுமார் 20 ஆயிரம் பேரின் பதிவு 2024-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருமுறை பதிவு செய்து, சான்றிதழை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் போதும் என்று இருந்தவர்களும் இதில் அடக்கம்.

நம் தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன, பொங்கல் விழா நடத்துகின்றன. நல்லதுதான். அதே மண்டபத்தில் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் இந்தப் பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னால் என்ன? சட்டம் படித்த நம் பிள்ளைகள் இங்கே இல்லையா?

பதிவு எண் ஒன்றே சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாண்-டோம்பிவிலியில் 65 கட்டிடங்கள் மாநகராட்சி அனுமதியையே போலியாகத் தயாரித்து ரெரா எண் வாங்கியிருந்தன. அவற்றை இடிக்க 2024 நவம்பரில் மும்பை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. எண்ணை நம்பி வாங்கிய குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. ஆகவே, எண்ணோடு மாநகராட்சியின் கட்டிட அனுமதியையும் நேரில் போய்ச் சரிபார்த்துச் சொல்கிறவரே தரகர். அதற்குத்தானே கமிஷன் கொடுக்கிறோம்?

வாங்குகிறவர்களும் வாய் திறந்து கேட்க வேண்டும். "அண்ணாச்சி, உங்கள் நம்பர் என்ன?" என்று கேட்டால் அவருக்கு வருத்தம் வரும் என்று தயங்குகிறோம். பதிவு பெற்ற ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கே அனுமதி இல்லை. இது தெரியாமல் பாதிப் பணத்தைக் கொடுத்தவர்கள் எங்கள் ஆபீசிலேயே உண்டு. (ஆபீஸ் நேரம் போக இந்தத் தொழிலையும் பார்க்கலாம் என்று நினைக்கும் ரெயில்வே நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய நம் நடத்தை விதிகள் இடம் தரவில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு பென்ஷனுக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள்.)

ரூ.40 ஆயிரம் கொடுத்த அந்தத் தரகர் இப்போது தேர்வுக்குப் படிக்கிறார். போன வாரம் என்னைத் தேடி வந்து, "கார்ப்பெட் ஏரியா என்றால் சுவரையும் சேர்த்தா, சேர்க்காமலா தம்பி?" என்று கேட்டார். வெளிச்சுவரைச் சேர்க்கக் கூடாது, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும் என்றேன். இருபது வருடமாக வீடு விற்கிறவர், அதைக் குறித்துக் கொண்டார்.