சுங்கச் சட்டம் மாறுகிறது. சுமை யார் தலையில்?

சுங்கம் தமிழனுக்குப் புதிய சொல் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொதிகளுக்கும் கப்பலேறிய பொதிகளுக்கும் சோழனின் புலி முத்திரை பொறித்துக் காவல் காத்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் நிலைத்தது. அரசன் வென்ற போர்களை மறந்துவிட்டாலும், தலைச்சுமையை இறக்கி வைத்தவனை மக்கள் மறப்பதில்லை என்பதற்கு அந்தப் பெயரே சான்று!

ஐரோப்பாவிலும் அப்படியொரு காரியம் நடந்தது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஆலந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1968 ஜூலை 1 அன்று தமக்குள் இருந்த சுங்கத் தீர்வைகளை நீக்கிவிட்டு, வெளிநாட்டுச் சரக்குக்குப் பொதுவான ஒரே தீர்வையை வைத்தன. இன்று அந்த ஒன்றியத்தில் 27 நாடுகள். லிஸ்பனில் ஏற்றிய சரக்கு வார்சா நகர் வரை சுங்கத் தீர்வையின்றிச் செல்கிறது. உள்ளே இருப்பவனுக்கு அது திறந்த வெளி. வெளியே நிற்பவனுக்கு மதில்! அந்த மதிலுக்கு வாயில் உண்டு. ஆனால் வாயிலில் காட்ட வேண்டிய சீட்டுகள் ஆண்டுதோறும் மாறுகின்றன.

"மாறட்டுமே! வணிகன் பாடு வணிகனோடு. தொழிலாளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்குப் பிரிட்டனின் கதையையே விடையாகத் தருகிறோம்.

1973இல் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்த பிரிட்டன், 2020 ஜனவரி 31 அன்று விலகியது. விலகினால் கெடுபிடி குறையும், வணிகம் கொழிக்கும் என்று மேடைதோறும் முழங்கினார்கள். 2020 டிசம்பர் 24 அன்று இரு தரப்பும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. "தீர்வை கிடையாது" என்று அறிவித்தார்கள். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். 2021 ஜனவரி 1 பிறந்தது. தீர்வை இல்லை என்பது வேறு, தாள் இல்லை என்பது வேறு என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது!

தீர்வையின்றிச் செல்ல வேண்டுமானால், சரக்கு பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவானது என்று மெய்ப்பிக்க வேண்டும். சீனாவில் தைத்த சட்டையை இங்கிலாந்துக் கிடங்கில் இறக்கி, அங்கிருந்து பிரான்சுக்கு அனுப்பினால் அது இங்கிலாந்துச் சட்டை ஆகிவிடாது. இதை அறிந்து முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத வணிகன், இங்கிலாந்தில் ஒரு முறையும் பிரான்சில் மறு முறையும் தீர்வை கட்டினான். அந்த ஜனவரியிலேயே, ஆலந்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய லாரி ஓட்டுநர்களின் ரொட்டிப் பொட்டலத்தையும் சுங்க அலுவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரணம், வெளிநாட்டு இறைச்சி ஒன்றியத்துக்குள் நுழையக் கூடாது என்ற விதி. ரொட்டிக்குள் இருந்தது பன்றி இறைச்சித் துண்டு! தொழிலாளிக்கும் சுங்கத்துக்கும் தொடர்பில்லை என்போர், பசியோடு வண்டியை ஓட்டிச் சென்ற அந்த ஓட்டுநரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இது சிறு கதை. பெருங்கதை கணக்கில் இருக்கிறது. விலகலால் ஆண்டுக்கு 21 கோடியே 50 லட்சம் சுங்கப் படிவங்கள் கூடுதலாக நிரப்ப நேரும், அதற்குப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் 750 கோடி பவுன் செலவிட நேரும் என்று அந்நாட்டு வரித்துறையே 2019இல் மதிப்பிட்டது. இலண்டன் பொருளாதாரப் பள்ளி ஆராய்ச்சியாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட முடிவு இன்னும் கசப்பானது. ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பி வந்த நிறுவனங்களில் நூற்றுக்கு 14, அதாவது ஏறத்தாழ 16,400 நிறுவனங்கள், அனுப்புவதையே நிறுத்திவிட்டன. நிறுத்தியவை பெரும்பாலும் சிறியவை. பெரிய நிறுவனங்களோ அசையாமல் நின்றன!

ஏன் இந்த வேறுபாடு? சட்டம் இருவருக்கும் ஒன்றுதானே? ஆம், ஒன்றுதான். கேடும் அங்கேதான் இருக்கிறது. ஆயிரம் பெட்டி அனுப்புகிறவன் நிரப்புவதும் ஒரு படிவம். பத்துப் பெட்டி அனுப்புகிறவன் நிரப்புவதும் ஒரு படிவம். கிளியரிங் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் கூலியை ஆயிரம் பெட்டி மீது பரப்பினால் தூசி. பத்துப் பெட்டி மீது பரப்பினால் பாறாங்கல். பெரிய நிறுவனத்தில் சட்டம் படிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது. சிறிய பட்டறையில் முதலாளியே கணக்கப்பிள்ளை, அவரே சரக்கு அனுப்புகிறவர், இரவில் அவரே சட்டம் படிக்கிறவர். அவர் ஒரு திருத்தத்தைத் தவறவிட்டால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். சரக்கு நின்றால் பணம் நிற்கும். பணம் நின்றால் சனிக்கிழமைக் கூலி நிற்கும்!

பிரிட்டிஷ் ஆட்சியாளர் என்ன செய்தனர்? சிறு வணிகருக்கு உதவ 2 கோடி பவுன் நிதி என்று 2021இல் அறிவித்தனர். ஆளுக்கு 2,000 பவுன் வரை. ஆண்டுக்கு 750 கோடிச் சுமைக்கு ஒரு முறை 2 கோடி! யானைப் பசிக்குச் சோளப்பொரி! மறுபுறம், இறக்குமதிச் சரக்கின் மீது தாங்கள் நடத்த வேண்டிய முழுச் சோதனையை ஐந்து முறை தள்ளி வைத்தனர். உணவுச் சரக்கைத் திறந்து பார்க்கும் சோதனை 2024 ஏப்ரல் 30இல்தான் தொடங்கிற்று. அரசின் சொல்லை நம்பி, கடன் வாங்கி, ஆள் வைத்து முன்கூட்டியே ஆயத்தமானவன் நட்டப்பட்டான். சும்மா இருந்தவன் தப்பித்தான். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவனைத் தண்டிக்கும் ஆட்சிக்கு என்ன பெயர் வைப்பது?

இனி, நம்மையும் தொடும் பகுதிக்கு வருவோம். திருப்பூர் பின்னலாடையும், கரூர் வீட்டுத் துணியும், ஆம்பூர்க் காலணியும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. ஆகவே அங்கு மாறும் விதி இங்கு நம் தெருவுக்கும் வந்து சேருகிறது.

சரக்கு ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் ஓர் எண் உண்டு. பின்னிய ஆடை 61ஆம் அத்தியாயம். நெய்த ஆடை 62ஆம் அத்தியாயம். உலக எண் பட்டியல் கடைசியாக 2022 ஜனவரி 1இல் மாறியது. அடுத்து 2028 ஜனவரி 1இல் மாறும். அதை விரித்து ஐரோப்பா எழுதிய எட்டிலக்கப் பட்டியலோ ஆண்டுதோறும் புதிதாக வெளியாகிறது. போதாக்குறைக்கு, கப்பல் புறப்படுமுன்னரே சரக்கின் விவரத்தைக் கணினி வழியே தெரிவிக்கும் புதிய முறை, கடல் வழிச் சரக்குக்கு 2024 ஜூனில் தொடங்கியது. 'பாகங்கள்', 'பொதுச் சரக்கு' என்று மொட்டையாக எழுதினால் அங்கே செல்லாது.

அடுத்தது கரிமக் கணக்கு. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றை உண்டாக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியேறிற்று என்று கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி 2023 அக்டோபர் 1இல் வந்தது. 2026 ஜனவரி 1 முதல் வரும் சரக்குக்கு, அந்தக் கணக்குப்படி பணம் கட்டும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. கட்டுகிறவன் ஐரோப்பிய இறக்குமதியாளன்தான். ஆனால் அவன் கணக்கைக் கேட்பது இங்கே போல்ட்டும் நட்டும் செய்து அனுப்பும் பட்டறையிடம். உலையைக் கண்ணால் காணாமல், கம்பியை விலைக்கு வாங்கித் திருகு வெட்டுகிறவன் எந்த வாயுவின் கணக்கைக் காட்டுவான்?

இவ்வளவும் கேட்டு, "ஐரோப்பியனின் விதியெல்லாம் சூழ்ச்சி! எதிர்ப்போம்!" என்று கொதிக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். எல்லா விதியும் சூழ்ச்சி அல்ல. புற்றுநோய் விளைவிக்கும் பொருளை வெளிவிடும் சில அசோ சாயங்களை ஐரோப்பா 2002இல் இயற்றிய சட்டத்தால் விலக்கியது. அந்த ஆடையை உடுத்தும் ஐரோப்பியனுக்கு மட்டுமா அதனால் நன்மை? சாயத் தொட்டியில் கைவிட்டு நிற்கும் நம் தொழிலாளிக்கும்தானே! புகை குறைய வேண்டும் என்பதும் நியாயமே. விதியை நாம் எதிர்க்கவில்லை. விதியை அறிந்துகொள்ளும் செலவு முழுவதும் எளியவன் தலையில் ஏற்றப்படுவதையே எதிர்க்கிறோம்.

அதை மாற்ற முடியுமா? முடியும்! கரிமக் கணக்குச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. சிறியவர்களால் தாங்க முடியாது என்ற குரல் ஐரோப்பாவிலேயே ஓங்கியது. விளைவு, 2025 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேற்படாமல் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் வரவழைக்கும் இறக்குமதியாளருக்கு விலக்குக் கிடைத்தது. இறக்குமதியாளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடுபட்டும், புகைக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சட்டத்துக்குள் நிற்கிறது என்று ஒன்றியமே கூறுகிறது. அப்படியானால், அந்தத் தொண்ணூறு பேரை இரண்டாண்டுகள் வாட்டியது எதற்காக? கேட்டதால் கிடைத்தது. கேட்காதிருந்தால் இன்றும் சுமந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: ஏற்றுமதித் தொழில் நடக்கும் ஊர்தோறும் அரசு ஒரு சுங்க விதி நிலையம் திறக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு விதி மாறினால், அந்த வாரத்திலேயே அது தமிழில், பட்டறைக்காரருக்குப் புரியும் நடையில், கட்டணமின்றி அங்கே கிடைக்க வேண்டும்.

இரண்டு: சிறு உற்பத்தியாளர்கள் கூட்டுறவு முறையில் சேர்ந்து, சட்டம் அறிந்த ஆட்களைப் பொதுவில் அமர்த்த வேண்டும். பத்துப் பெட்டிக்காரர் நூறு பேர் சேர்ந்தால் அவர்களும் ஆயிரம் பெட்டிக்காரர்தாமே!

மூன்று: துறைமுகத்தில் சரக்கு நின்றதைக் காட்டிக் கூலியில் கை வைக்கக் கூடாது. படிவத்தில் பிழை செய்தவன் தொழிலாளி அல்ல. அந்தப் பிழைக்கு அவன் வயிறு விலை கொடுப்பது அநீதி.

தோழர்களே! தொழிற்சங்கக் கூட்டங்களில் கூலியும் போனசும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். இனி இதையும் பேசுங்கள். நீங்கள் தைக்கும் சட்டை எந்த எண்ணில் கப்பலேறுகிறது, எந்தத் துறைமுகத்தில் எந்தச் சீட்டுக்காக நிற்கிறது என்று கேளுங்கள். சரக்கைச் செய்த கைகளுக்கு அது போகும் வழியை அறியும் உரிமையும் உண்டு. அன்று சுங்கம் தவிர்க்க ஒரு சோழன் மனம் வைத்தால் போதும். இன்று அந்தச் சுமையைச் சமமாகப் பங்கிட, மக்கள் ஒன்றுபட்டுக் கேட்டாக வேண்டும்!