சேராத கல்லூரியின் சட்டை

கடந்த தை மாதத்தில் நாங்கள் மூன்று பேர் பூநாரை பார்க்கப் பழவேற்காடு போயிருந்தோம். அன்று பூநாரைகள் ஏரியின் வடக்கே வெகுதூரத்தில், தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே வெளிறிய கோடாக மட்டும் தெரிந்தன. அதற்குமேல் போனால் தரை தட்டும் என்றார் படகோட்டி. ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாதது. ஆகவே பறவைகளை விட்டுவிட்டு அவரிடம் பேச ஆரம்பித்தோம். இருபத்தைந்து வயதிருக்கும். சென்னையில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியின் வாலிபால் அணிச் சட்டையை அணிந்திருந்தார். உப்புநீரில் வெளுத்து, முதுகிலிருந்த எண் பாதி உதிர்ந்துபோன சட்டை.

“அந்தக் கல்லூரியிலா தம்பி படிச்சீங்க?”

“இல்ல சார். பன்னெண்டாவதோட நிறுத்திட்டேன். எங்க மாமா பையன் அங்க ஆடுனான். எங்க காலேஜு சார் அது.”

மாமா மகன் படிப்பு முடித்து வெளியேறி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். இப்போதைய அணியில் அவர்கள் குப்பத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவர் அந்த அணியைப் பின்தொடர்கிறார். எந்த ஆண்டு எந்தச் சுற்றில் தோற்றார்கள், யார் கையில் அடித்து ஆடும் வேகம் இருக்கிறது, யாருக்கு முழங்கால் சரியில்லை என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. ஒருமுறை அரையிறுதி பார்க்க எட்டுப் பேர் சேர்ந்து ‘குட்டி யானை’ வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார். மைதானத்தை ஒட்டிய மதில் ஓரமாக நின்று பந்தின் சத்தத்தையும் கைதட்டலையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். “ஜெயிச்சது சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு சார்” என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இல்லை. எங்களுக்குத்தான் இருந்தது.

இலக்கியம் பேசும் நமக்கு விளையாட்டு ரசிகன் என்றாலே கொஞ்சம் இளக்காரம் உண்டு. வேலையற்றவன், கூட்டத்தில் ஒருவன், தன் வாழ்க்கையில் கிடைக்காத வெற்றியைப் பிறர் உடம்பில் தேடுகிறவன் என்று எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். நாங்களும் அப்படி எழுதியவர்கள்தாம். ஆனால் “எங்க காலேஜு” என்ற அந்தச் சொல் எங்களை விடவில்லை. தான் காலடி வைத்திராத, தன்னை வாசலிலேயே நிறுத்திய ஓர் இடத்தை ஒருவர் எந்த உரிமையில் ‘எங்கள்’ என்கிறார்?

தமிழர்களில் ‘எங்கட கல்லூரி’ என்று மார்தட்டிச் சொல்லி, அதற்காக வெயிலில் நாள்கணக்கில் உட்காருகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டத்தை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்கிறார்கள். அங்கே கல்லூரி என்றால் நம் கணக்கில் பள்ளிக்கூடம். மத்திய கல்லூரி 1816-இலும் பரியோவான் 1823-இலும் மிஷனரிகளால் தொடங்கப்பட்டவை. 1904-இல் ஆரம்பித்த ஆட்டம். 2024 மார்ச்சில் நடந்தது 117-ஆவது. நடுவில் யாழ்ப்பாணம் என்னென்ன கண்டது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணின் கனம் புரியும். மத்திய கல்லூரி மைதானத்துக்கு ஒருபக்கம் டச்சுக் கோட்டை, இன்னொரு பக்கம் 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம். (பழவேற்காட்டிலும் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று அது புதர் மூடிய மேடு.) டொரண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த ஆட்டத்துக்கென்று ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. நாற்பது வயதில், தலை நரைத்த பிறகு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் பிடியைத் தவறவிட்டதற்காக இரவெல்லாம் தூங்காமல் கிடப்பது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனுக்கு ஊர் என்று மிஞ்சியிருப்பது அந்தப் பையன்தான் என்றும் சொல்லலாம். இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

எனினும் இந்தப் பற்று பெரும்பாலும் வாரிசுரிமையாக வருவது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்பா படித்தார், அண்ணன் படித்தான், நானும் படித்தேன், ஆகவே இது என் அணி. இதைக் கேட்டதும் எங்களுக்குப் பழவேற்காட்டின் ‘பாடு’ முறைதான் நினைவுக்கு வந்தது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிமடம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு, ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அது. நல்ல இறால் விழும் இடம் ஒரே ஆளின் கையில் தங்கிவிடாமல் சுற்றிச்சுற்றி வரும். உள்ளே இருப்பவர்களிடையே இவ்வளவு நேர்த்தியான சமத்துவத்தை வேறெங்கும் பார்ப்பது அரிது. ஆனால் வெளியே இருப்பவருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. பாடு உரிமை பிறப்பால் வருவது. அதே ஏரியில் சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பெயர் எந்தக் குலுக்கலிலும் வருவதில்லை. பழைய மாணவர் சங்கங்களின் பற்று பாடு போன்றது. உள்ளுக்குள் அன்பும் ஒழுங்கும் நிறைந்தது. ஆனால் வரம்பு கட்டியது.

நம் படகோட்டியின் பற்றோ வேறு வகை. யாரும் அவருக்குத் தரவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். இதற்கு உலகில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் 1842-இல் கத்தோலிக்கத் துறவியர் தொடங்கிய நோட்டர் டேம் என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. 1920களில் அதன் கால்பந்து அணி (அமெரிக்கர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் கால்பந்து) ராணுவக் கல்லூரி அணியோடு ஆட ஆண்டுதோறும் நியூயார்க் வந்தது. அதைப் பார்க்கக் குவிந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்தக் கல்லூரியை, ஏன், இந்தியானாவையே, கண்ணால் கண்டிராதவர்கள். துறைமுகத்திலும் கட்டட வேலைகளிலும் உழைத்த ஐரிஷ், இத்தாலிய, போலிஷ் கத்தோலிக்கர்கள். கல்லூரிப் படிப்பு என்பது அவர்கள் குடும்பங்களில் யாருக்கும் வாய்க்காத காலம். சுரங்க ரயில் ஏறி மைதானத்துக்கு வந்த அவர்களுக்கு ‘சுரங்க ரயில் பழைய மாணவர்கள்’ என்றே பெயர் ஏற்பட்டது. கேலியாகத் தொடங்கியிருக்கக்கூடிய பெயர், நாளடைவில் கௌரவப் பட்டமாகிவிட்டது. அவர்கள் மகன்களும் பேரன்களும் பிற்பாடு கல்லூரிக்குப் போனார்கள். முதலில் அணி, அதன்பின்தான் படிப்பு. இந்த வரிசை முக்கியமானது.

ஏனென்றால் படகில் அன்று நாங்கள் கேட்டதும் இதே வரிசைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர எந்தச் சான்றிதழ் வேண்டும், மாவட்ட அளவில் ஆடியிருந்தால் போதுமா, தேர்வுக்கு எந்த மாதத்தில் போய் நிற்க வேண்டும், விடுதியில் சாப்பாடு இலவசமா, பொன்னேரியில் எந்த வண்டி ஏறினால் எங்கே இறங்கலாம் என்று அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டாவதோடு நின்றுவிட்ட ஒருவருக்கு இவை எதற்கு? குப்பத்தில் உயரமாக வளரும் பையன்களிடம் சொல்வதற்கு. பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி பல பத்தாண்டுகளாக இருக்கிறது, சென்னை அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. தூரம் ஒரு தடையே அல்ல. ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்கப் போகிற வீட்டில் கல்லூரி என்பது ஒரு மதில்சுவர். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. இந்தக் குப்பத்தில் அந்த வேலையை ஓர் அணியின் ரசிகர் செய்துகொண்டிருக்கிறார், கேட்பாரில்லாமல், சம்பளமில்லாமல்.

தமிழ்நாட்டுக் கல்லூரி மைதானங்களைப் பாருங்கள். மண்டலப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று ஆண்டு முழுவதும் ஏதோ நடக்கிறது. பெரும்பாலும் வேலைநாள் காலையில். ஆடுகிறவர்கள், மாற்று ஆட்டக்காரர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், தேநீர் கொண்டுவருபவர். அவ்வளவுதான் கூட்டம். வகுப்பிலிருக்கும் மாணவர்களுக்கே தங்கள் கல்லூரி இன்று ஆடுகிறது என்று தெரியாது. முடிவு மறுநாள் நாளிதழின் மூலையில் இரண்டு வரியாக வரும், வராமலும் போகும். அணி இருக்கிறது, அணிக்கு ஊர் இல்லை. பிறகு, நம் இளைஞர்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஐ.பி.எல். ஏலத்தில் வாங்கப்பட்டவர்களுக்காகக் கத்துகிறார்கள் என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம். அந்தச் சட்டையைப் போட யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

கதவு திறந்த கதையும் உண்டு. லயோலா கல்லூரியின் பெர்ட்ராம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கானது. அதில் பள்ளி மாணவராக இருந்த ராமநாதன் கிருஷ்ணனுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள். 1951-இல் அந்தப் பையன் பட்டத்தையும் வென்றான். பிற்காலத்தில் விம்பிள்டன் அரையிறுதிவரை இருமுறை சென்ற கிருஷ்ணன் அவர். பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவரை ஆட உள்ளே விடலாம் என்றால், பார்க்க விடுவதில் என்ன கெட்டுவிடும்?

இன்னொரு கரையையும் நினைக்கிறோம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆழ்கடலில் சுறா பிடிக்கப் பேர்போன எட்டு மீனவ ஊர்களின் நடுவே, தூத்தூரில் தூய யூதா கல்லூரி இருக்கிறது. கடற்கரை மணலில் கால்பந்து ஆடாத பையனை அந்தப் பக்கத்தில் பார்க்க முடியாது. அந்த ஊர்களில் ஒன்றான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்கு ஆடினார். கல்லூரி மதிலுக்கு வெளியே இருப்பது ஆடுகிறவர்களின் வீடுகளே என்றால், ‘எங்கள் கல்லூரி’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. யாழ்ப்பாணத்திலும் குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று கரையோர ஊர்களின் கால்பந்துக் கழகங்களுக்கு இருக்கும் கூட்டம் பெருஞ்சமரின் கூட்டத்துக்குச் சளைத்ததல்ல. குருநகர்க் கழகத்தின் பெயரே ‘பாடும்மீன்’. மீனவ ஊர்களுக்கு ரசிக்கக் கற்றுத்தர வேண்டிய அவசியம் எங்கேயும் இருந்ததில்லை.

முகத்துவாரம் தூர்ந்து மீன்வரத்துக் குறைகிறது, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் தலைக்குமேல் தொங்குகிறது, இந்த ஊர்களுக்கு வாலிபாலா இப்போது கவலை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் மீன் குறைந்தால் அடுத்த தலைமுறை ஏரியைவிட்டு வேறு எங்கோ போகத்தான் போகிறது. துறைமுகத்தின் ஒப்பந்தக் கூலியாகவா, கல்லூரி வழியாகவா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. இதை அந்தப் படகோட்டி நம் நண்பரைவிட முன்னதாகவே யோசித்திருக்கிறார் என்று நினைக்கிறோம்.

நாம் கேட்பது பெரிதல்ல. மண்டலப் போட்டிகளில் ஒன்றிரண்டை மாலை நான்கு மணிக்கு மேல் வைக்கலாம். விடியற்காலையில் கடலுக்குப் போனவர்கள் கரையேறி, மீனை விற்று, வலையை அலசிக் காயப்போட்டு, ஓர் உறக்கமும் போட்டு எழுந்திருக்கும் நேரம் அது. பார்வையாளர்களிடம் அடையாள அட்டை கேட்காமல் ஒரு நோட்டில் பெயரும் ஊரும் எழுதச் சொல்லலாம். இன்னும் ஒருபடி மேலே போய், ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தையாவது அணி எந்த ஊர்களிலிருந்து ஆட்களை எடுக்கிறதோ அந்த ஊரில் ஆடலாம். வாலிபாலுக்கு வேண்டியது இரண்டு கம்பமும் ஒரு வலையும்தான். வலைக்குப் பழவேற்காட்டில் பஞ்சம் இல்லை.

கரை திரும்பியதும் படகுக்கூலியை வாங்கிக்கொண்டு அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். எங்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்திருந்தது.

“போன மாசம் ஃபைனல்ல மூணாவது செட்டு எப்படி சார் விட்டாங்க? ஸ்கோர் மட்டுந்தான் தெரியும். பாத்தவங்க யாரும் சொல்லல.”

நம் நண்பருக்கு ஃபைனல் நடந்ததே தெரியாது. விசாரித்துச் சொல்வதாகக் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.