ஐ.பி. மனுவுக்கு முன் வரி பாக்கியைப் பாருங்கள்

"ஐ.பி. கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் தீர்ந்துவிடும்தானே?" என்று திவால் மனுவைப் பற்றிக் கேட்பவர்கள் இப்போது வழக்கறிஞர்களிடம் மட்டும் போவதில்லை. கணக்கு எழுதி வரி தாக்கல் செய்து கொடுக்கும் நம்மிடமும் வருகிறார்கள். பின்னலாடை ஜாப் ஒர்க் எடுத்தவர், இரும்புக் கடை வைத்திருந்தவர், இரண்டு லாரி ஓட்டியவர் என்று தொழில் மாறும். கொண்டுவரும் காகிதக் கட்டு பெரும்பாலும் மாறுவதில்லை. மேலே வங்கி நோட்டீஸ், அதன் கீழே செக் வழக்குச் சம்மன், பிறகு தண்டலும் கைமாற்றும் குறித்த ஒரு நோட்டு. வருமான வரி, ஜிஎஸ்டி கேட்பாணைகள் அந்தக் கட்டிலேயே இருக்காது. போர்ட்டலில் யாரும் திறக்காமல் கிடக்கும். கட்சிக்காரர் மறந்துபோன அந்தப் பாக்கியை எடுத்து முன்னே வைப்பது நம் வேலை.

ஏன் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் தனிநபர் திவாலுக்கு நாம் இன்னும் போய் நிற்பது இரண்டு பழைய சட்டங்களிடம்தான். சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்து, கட்ட வழியில்லை என்றால் கடன்பட்டவர் மனுப் போடலாம். நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் சொத்து ரிசீவர் வசம் போகிறது. கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்கலாம். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியே வழக்குத் தொடுக்க முடியாது. அடமானம் பெற்ற வங்கியை மட்டும் இது தடுக்காது. செக் வழக்கும் தன் போக்கில் நடக்கும்.

1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61-ஆவது பிரிவையும் 44-ஆவது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். சொத்தை விற்றுவரும் பணத்தில் நிர்வாகச் செலவு போக, அரசுக்குச் சேர வேண்டியதற்கு முன்னுரிமை. அது போதாமல் மீதி நின்றால், விடுவிப்பு ஆணைக்குப் பிறகும் அரசுக் கடன் விடுபடாது. சென்னைக்கான சட்டத்திலும் அரசுக் கடனுக்கு விடுவிப்பு இல்லை. ஆக, வங்கிக்கும் உறவினருக்கும் பட்ட கடனிலிருந்து வெளியே வருகிற மனிதர் வரி பாக்கியோடுதான் வெளியே வருகிறார். இதைச் சொல்லாமல் மனு தயாரிப்பவர் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்கிறார் என்றே நான் சொல்வேன்.

அதே 61-ஆவது பிரிவு தொழிலாளியின் சம்பள பாக்கிக்கும் முன்னுரிமை தருகிறது. மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு, மொத்தம் 20 ரூபாய் வரை. நூறாண்டுக்கு முன் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. தையல் கூடம் மூடிய அன்று வேலை இழந்த பெண்ணுக்கு அந்தப் பிரிவில் கிடைப்பது இவ்வளவே.

கடனில் மூழ்குகிறவர் பணம் கட்டும் வரிசையைக் கவனித்திருப்பீர்கள். வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு முதலில், மைத்துனருக்கு அடுத்து, வங்கிக்கு முடிந்தபோது, வரிக்குக் கடைசியில், அல்லது இல்லவே இல்லை. பயமும் மானமும் போட்ட வரிசை அது, புரிகிறது. ஆனால் திவால் நீதிமன்றத்தில் கழியக்கூடிய கடனுக்கெல்லாம் கையிலிருந்த கடைசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கழியாத கடனை வட்டியோடு வளர விடுகிறார். வருமான வரிக் கேட்பாணைக்கு மாதம் 1 சதவீதம், ஜிஎஸ்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம். போதாததற்கு, மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு கொடுத்ததை 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு செல்லாததாக்கிவிடும். மீட்டர் வட்டிக்காரரின் மிரட்டலுக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. புகார் எழுத உதவுங்கள். வரிக்கு வைத்த பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்ட விடாதீர்கள்.

"வீட்டை மனைவி பேருக்கு எழுதிவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் ஆலோசகர்கள் நம்மிடையே உண்டு. இரண்டு ஆண்டுக்குள் பிரதிபலன் இல்லாமல் செய்த மாற்றம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் விழும். வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது செய்த மாற்றத்தை வருமான வரிச் சட்டமும் விடாது. கடைசியில் வீடும் போய், நேர்மையானவர் என்ற பெயரும் போய் நீதிபதி முன் நிற்பவர் கட்சிக்காரர்தான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் கேட்பாணை சரியா என்று பாருங்கள். ரிட்டர்ன் போடாததால் அதிகாரி தன் மதிப்பீட்டில் விதித்த வரியாக இருந்தால், தாமதத்துக்கு விளக்கம் சொல்லி மேல்முறையீடு செய்ய இடமுண்டா என்று தேடுங்கள். வருமான வரியில் 20 சதவீதம் கட்டினால் வசூலை நிறுத்திவைக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 220-ஆவது பிரிவு தவணைக்கும் வழி வைத்தது. உண்மையான கஷ்டம், கைமீறிய சூழல், விசாரணைக்கு ஒத்துழைப்பு என்ற மூன்றையும் காட்டினால் வட்டிக் குறைப்புக்கும் வழி வைத்தது. 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் மாறுவதால் மனுவில் பிரிவைச் சரிபார்த்து எழுதுங்கள். ஜிஎஸ்டியில் டிஆர்சி-20 படிவம் மூலம் 24 மாதத் தவணை வரை கேட்கலாம். ஆனால் ரிட்டர்னில் தானே ஒப்புக்கொண்ட வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். கட்ட முடிகிற தொகையை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலருக்கு ஐ.பி.தான் சரியான வழி. தனியார் கடன் மலையாகவும் வரி பாக்கி சிறிதாகவும் இருந்தால், தயங்காமல் போகச் சொல்லலாம். அமீனா எதைத் தொட முடியாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்: உடுப்பு, படுக்கை, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி ஜப்திக்கு வெளியே. வெறும் இல்லாமைக்காகக் கடன்பட்டவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது. தூக்கமில்லாமல் வரும் மனிதருக்கு இந்த இரண்டு செய்தியும் மருந்து போன்றவை. பேச்சில் உயிரை வெறுத்த தொனி தெரிந்தால் கோப்பை மூடிவைத்துவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை முதலில் அழைக்கச் செய்யுங்கள்.

அறிவிப்பு ஆணையோடு வேலை முடிவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுப் போடாவிட்டால் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் அறிவிப்பே ரத்தாகும். கடன்கள் மறுபடி எழுந்து நிற்கும். பாதுகாப்பு ஆணை கிடைத்த நிம்மதியில் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். விடுவிப்புப் பெறாதவர் அதை மறைத்து 50 ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம்; கம்பெனி இயக்குநராகவும் இருக்க முடியாது.

அரசுக் கடனைக் கழியவிடாமல், தொழிலாளியை 20 ரூபாயோடு நிறுத்தும் பழைய சட்டங்களின் அநீதியைப் பெருமளவு சரிசெய்யும்படி 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் எழுதப்பட்டது. அதன் மூன்றாம் பாகத்தில் அரசுக்கு முன்னுரிமை கடைசி இரண்டு ஆண்டுப் பாக்கிக்கு மட்டும், அதுவும் தொழிலாளர் ஊதியத்துக்குப் பின். விடுவிப்பில் கழியாத கடன்களின் பட்டியலில் அபராதமும் ஜீவனாம்சமும் கல்விக் கடனும் உண்டு, வரி இல்லை. ஆனால் அந்தப் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பெயரில் கடை நடத்தி நொடித்தவர் வெளியே நிற்கிறார். ஏழைகளுக்கான புதுத்தொடக்கப் பிரிவிலும் ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய் என்ற உச்சவரம்புகள் இன்றைய விலைவாசிக்குப் பொருந்தவில்லை.

நம் மாவட்டச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்: மூன்றாம் பாகத்தைத் தனிநபர் அனைவருக்கும் கொண்டுவாருங்கள், வரம்புகளை உயர்த்துங்கள், அந்த வழக்குகளை விசாரிக்க வேண்டிய கடன் வசூல் தீர்ப்பாயத்துக்காக ஊர்விட்டு ஊர் அலையாதபடி இணையவழி விசாரணையை உறுதிசெய்யுங்கள். அதுவரை, ஐ.பி. மனு எழுதும் ஒவ்வொருவரும் போர்ட்டலிலிருந்து வரி பாக்கியை எடுத்துத் தனித்தாளில் எழுதி, இது கழியாது என்று கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே மனுவைத் தொடங்குங்கள்.